டியூட்டி ரூம் கயிற்றில் ஒரே ஒரு சிவப்புக் கிளிப்

ஒருவர் தமக்காக எடுத்து வைத்திருந்ததை நம் கையில் கொடுக்கிறார். ஏன் கொடுக்கிறார் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டால் அது தவறா? என் வேலைக்காலத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

பணி ஓய்வு பெற்ற செவிலியர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் பகுதி இது. எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. என் மகள் இந்த ஆண்டுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். வேலையை விட்டவளும் ஓய்வு பெற்றவள்தான் என்று சொல்லி எனக்கு இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு சிறு மருத்துவமனையில் இருக்கும் இரண்டு இளைய செவிலியர்கள், எங்கள் மருத்துவமனையின் கிளிப் பழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, தங்கள் இடத்திலும் அதைத் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். அது எப்படி நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க அதைவிட எளிய வழி இல்லை என்று யாரோ அவர்களிடம் சொன்னார்களாம். சொன்னது நானாகவே இருக்கலாம். ஒரு காலத்தில் வருவோர் போவோரிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதே மருத்துவமனையிலிருந்து என்னை மறுபடி வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பாவுக்குக் கூடலூர் கடைவீதியில் பாத்திரக் கடை. கோயம்புத்தூரில் நர்சிங் முடித்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண் என்று ஆசிரியைகள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழோடு ஓவேலி மலைப்பாதையில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு டாக்டர், ஒரு ஷிப்டுக்கு இரண்டு நர்ஸ், ஓர் ஆயா, ஒரு ஜீப். பிரசவம், காய்ச்சல், பாம்புக்கடி, காட்டெருமை முட்டியது, கொதிக்கும் தேநீர் கொட்டியது என்று எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாக வரும். எங்களால் முடியாததைக் கூடலூருக்கு அனுப்புவோம். அனுப்பும்போது ஒரு நர்ஸ் நோயாளியோடு வண்டியில் போக வேண்டும். அதற்கு எஸ்கார்ட் என்று பெயர். எங்கள் வேலையிலேயே கனமானது அதுதான். மலைப்பாதையில் ஆடும் வண்டிக்குள், டாக்டர் இல்லாமல், ஓர் உயிரோடு தனியாக இருக்க வேண்டும்.

என் ஷிப்டில் உடனிருந்த நர்ஸை இங்கே தவமணி அக்கா என்று சொல்கிறேன். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டபோது, “எழுது. பேரை மட்டும் மாத்து. தவமணின்னு வை, எங்க சின்னம்மா பேரு. பாவம், அவங்க பேரு கல்யாணப் பத்திரிகையைத் தவிர எதுலயும் அச்சாகல” என்றார். அவருடைய பெற்றோர் சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அவர் இங்கே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வாயைத் திறந்தால் வார்டே சிரிக்கும்.

ஒருமுறை அறக்கட்டளை எங்களுக்கு மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி கொடுக்கக் கோவையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தது. இரவுப் பணி முடித்தவர்களையும் வீட்டுக்கு விடாமல் உட்கார வைத்தார்கள். அவர் மென்மையான குரலில் ஆரம்பித்தார்.

“எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. நீங்க இப்ப ஓர் அழகான மலையில இருக்கீங்க. சுத்தியும் தேயிலைத் தோட்டம். சில்லுனு காத்து. தூரத்துல ஒரு யானைக் கூட்டம் அமைதியா…”

“தூரத்துல இல்லைங்க சார்,” என்றார் தவமணி அக்கா, கண்ணைத் திறக்காமலே. “பம்ப் ரூமுக்குப் பின்னாடி நிக்குது. அதான் காலைல ஜீப்பு லேட்டு.”

பயிற்சியாளரும் சேர்ந்து சிரித்துவிட்டார். போகும்போது, கோபம் வந்தால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார். கொஞ்ச நாளில் அவையெல்லாம் பக்கவாதம் வந்து படுத்திருந்தவர்களின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே நன்றாகவே பயன்பட்டன.

எங்களுக்கு உண்மையில் உதவியது வேறு. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் பொறுப்பு நர்ஸ் லீலாம்மா சிஸ்டர். நிலம்பூர்க்காரர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஒரு நாள் காலையில் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று. அதன் பெற்றோரிடம் பேசி அனுப்பிவிட்டு வந்த கையோடு, சர்க்கரைப் புண்ணுக்காகப் படுத்திருந்த ஒரு பாட்டி திரும்பத் திரும்பச் சுடுதண்ணீர் கேட்டார் என்று சிஸ்டர் கத்திவிட்டார். சிறிது நேரம் கழித்து அவரே ஃபிளாஸ்க்கோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, “அம்மச்சி, என்னை மன்னிக்கணும்” என்றார். பாட்டி ஃபிளாஸ்க்கைத்தான் பார்த்தார். “நீ கத்துனா கத்திட்டுப் போ கண்ணு. தண்ணி சூடா இருக்குதா?”

அடுத்த சந்தை நாளில் சிஸ்டர் கூடலூர் போய்த் துணி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார்.

ஓவேலி மழையை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே எதுவும் காயாது. எங்கள் டியூட்டி ரூமுக்கு அடுத்தது, கருவிகளையும் துணிகளையும் நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் இருக்கும் அறை. நடுச்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சுவரோரம் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தோம். வேலைக்கு வந்ததும் ஈரக் கோட்டையும் ஸ்வெட்டரையும் அதில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. சிஸ்டர் அந்தக் கயிற்றில்தான் கிளிப்புகளை வைத்தார். பச்சையும் மஞ்சளும் வேண்டிய அளவு. சிவப்பு ஒன்றே ஒன்று.

“கேட்டோ, எல்லாரும் கேளுங்க. சிவப்பு மாட்டினவளுக்கு அன்னிக்கு எமர்ஜென்சி இல்ல. எஸ்கார்ட் இல்ல. செத்தவங்க வீட்டு ஆளுங்ககிட்டப் பேசற வேலை இல்ல. மருந்து, ஊசி, டிரஸ்ஸிங், ஆட்டோகிளேவ் போதும். மஞ்சள்னா ஒரு கஷ்டமான கேஸ் தரலாம், ரெண்டாவது தரக்கூடாது. பச்சைன்னா எதுவும் தரலாம். எதுக்கு மாட்டினேன்னு ஒருத்தியும் கேட்கண்டா. நானும் கேட்க மாட்டேன். பதில் சொல்றதே ஒரு பாரமாக்கும்.”

“பாக்கெட்ல இன்னும் சிவப்பு இருந்துச்சே சிஸ்டர்?” என்றார் தவமணி அக்கா.

“ரெண்டு பேருக்குச் சிவப்புன்னா ஆஸ்பத்திரியப் பூட்டிச் சாவியை யானைகிட்டக் குடுக்கணும். மிச்சம் என் அலமாரியில இருக்கட்டும்.”

அது எப்படி நடந்தது என்பதைத்தான் இளையவர்கள் கேட்டார்கள். லீலாம்மா சிஸ்டர் அதைக் கையாண்ட விதம்தான் அதன் உயிர் என்று நினைக்கிறேன். காலையில் இரவு நர்ஸிடம் பொறுப்பு வாங்கும்போது அவர் கயிற்றுக்கு எதிரே நிற்பார். கட்டில் கட்டிலாக விவரம் கேட்டு முடித்ததும், உச்சியில் ஏற்றியிருந்த கண்ணாடியைக் கீழே இறக்குவார். அந்தச் சாக்கில் கயிற்றை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். பிறகு, தாமாகவே யோசித்து முடிவு செய்ததுபோல வேலையைப் பிரிப்பார். “நீ இன்னிக்கு டிரஸ்ஸிங் பாரு, உன் கை அதுக்கு நல்லது” என்பார். கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. டாக்டருக்கே அந்தக் கயிற்றின் அர்த்தம் தெரிய வெகுநாளாயிற்று. வேலையை விடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆயா விடவில்லை. கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வரும் வழக்கம் எங்களிடம் குறைந்தது. இதையெல்லாம் நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மகள் பிறந்து, விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது வேறு ஆளாகத் திரும்பினேன். படிப்பும் பழக்கமும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஊசி போட்டுவிட்டு, சரியான மருந்துதானா என்று குப்பியை எடுத்து மறுபடி பார்ப்பேன். அதோடு நிற்காமல், வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ளும் அத்தைக்கு போன் செய்வேன்.

“பாப்பா பால் குடிச்சுதுங்களா அத்தை?”

“குடிச்சுது.”

“கக்கிடுச்சுங்களா?”

“கக்கலை. இப்பத்தான கேட்ட? உன்ற வேலையப் பாரு கண்ணு.”

முதலில் மஞ்சள் மாட்டினேன். பிறகு சிவப்பு. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வருவதற்கு முன்னால் வந்தவர்களும் அதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். “கைப்புள்ளக்காரி, அவளுக்கு இருக்கட்டும்” என்று ஆயா சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு இதமாக இருந்தது. அந்தக் கிளிப் எனக்காகவே வாங்கியது என்று நினைக்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் சாப்பிடும்போது தவமணி அக்காவிடம் ஒன்று சொன்னேன். “உங்களுக்கென்னுங்கக்கா, ஊட்டுக்குப் போனா காலை நீட்டிப் படுத்துக்கலாம்.” அவருக்குத் திருமணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை இல்லை. கோழிக்கோட்டுக்கு வைத்தியத்துக்குப் போய் வருவதற்காக அவர் விடுப்பு எடுப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அதாவது, அந்தக் கணத்தில் தெரிந்தது எதுவும் என் நினைவில் இல்லை. அவர் ஊறுகாயை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தார். “ஆமா, மகாராணி மாதிரி படுத்துக்குவேன்” என்றார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள். மகளுக்குச் சளி. ராத்திரி முழுவதும் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கி டியூட்டி ரூமுக்குள் நுழைந்தபோது தவமணி அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். அவருடைய நீலக் கோட்டு கயிற்றில் தொங்கியது. அதன் தோளில் சிவப்புக் கிளிப் இருந்தது.

“என்னடி, மூஞ்சி பிஞ்ச செருப்பு மாதிரி இருக்கு?”

“பாப்பாவுக்குச் சளிங்கக்கா. ராத்திரி முச்சூடும் தூக்கமில்லைங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எட்டிச் சிவப்புக் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஒரு பச்சையை மாட்டினார். சிவப்பை என்னிடம் நீட்டினார்.

“இந்தா.”

“உங்களுது ஆச்சுங்களே அக்கா?”

“கைக்கு வந்ததை மாட்டுனேன். கலரா பாத்தேன்?”

அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கயிற்றில் நிறம் பார்க்காமல் யாரும் கிளிப் மாட்டியதில்லை. ஏன் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கக் கூடாது என்பது சட்டம். நான் சட்டத்தை மீறாத பெண். அதையும் மீறி மனசு உறுத்தியதால், “உங்களுக்குப் பரவால்லைங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“எனக்கென்ன, ஊட்டுக்குப் போனா காலை நீட்டிப் படுக்கப்போறேன்.”

என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கிளிப்பை வாங்கி என் கோட்டில் மாட்டினேன். லீலாம்மா சிஸ்டர் வந்து கண்ணாடியை இறக்கினார். எனக்கு மருந்து ட்ரே, தவமணி அக்காவுக்கு அவசரப் பிரிவு.

பொழுது நன்றாக ஏறிய பிறகு ஒரு பிக்-அப் வண்டியில் எஸ்டேட் காவலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காட்டெருமை வயிற்றில் குத்தியிருந்தது. குடல் ஒரு கை அளவு வெளியே வந்திருந்தது. கூட வந்தவர்கள் அதன்மேல் ஒரு துண்டை அழுத்திப் பிடித்திருந்தார்கள். டாக்டர் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க, தவமணி அக்கா அந்தத் துண்டை மெதுவாக எடுத்தார். வெளியே வந்ததை உள்ளே தள்ளக் கூடாது. காய விடவும் கூடாது. சுத்தமான துணியை சலைனில் நனைத்துப் போர்த்தி, அதன் மேல் காய்ந்த துணியைச் சுற்றி, இறுக்காமல் கட்ட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி அடியில் தலையணை வைக்க வேண்டும், வயிறு இழுபடாது. இரண்டு கையிலும் பெரிய ஊசியாகப் போட்டு பாட்டில் ஏற்ற வேண்டும். அவர் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் செய்தார். நான் வாசலில் நின்று சலைன் பாட்டிலையும் துணிக்கட்டையும் நீட்டினேன். அதற்குமேல் என் வேலை இல்லை.

காவலாளிக்கு நினைவு இருந்தது. “சிஸ்டர், உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துருச்சுங்களா?”

“ஒண்ணும் தொலையல. ஈரத்துணில கட்டி வச்சிருக்கேன். கூடலூர்ல டாக்டர்கிட்ட எண்ணி வாங்கிக்க. இப்பப் பேசாத.”

அவர் சிரிக்கப் பார்த்து, வலியில் முகம் சுளித்தார்.

ஜீப் தயாரானது. லீலாம்மா சிஸ்டரின் கை கண்ணாடிக்குப் போயிற்று. “தவமணி, நீ எஸ்கார்ட் போ.” தவமணி அக்கா ஒரு கணம் நின்றார். நான் பார்த்தேன். பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். பச்சைக் கிளிப் மட்டும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மீதியை டிரைவர் சொல்லித்தான் அறிந்தேன். பாதி வழியில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. கூடலூரிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நின்றது. ஸ்ட்ரெச்சரை மரத்துக்கு மேலாகக் கை மாற்றினார்கள். தலைப்பக்கம் ஓர் ஆள் குறைந்தது. தவமணி அக்கா பாட்டில்களை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுத் தாமே தோள் கொடுத்தார். வழுக்கும் மரத்தில் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் ஆம்புலன்ஸிலும் ஏறிப் போனார்.

சாயங்காலம் நனைந்து திரும்பி வந்தார். “ஆள் தியேட்டருக்குள்ள போயிட்டான். பொழைச்சுக்குவான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உன் பையில பேட் இருக்கா?” என்று கேட்டார்.

மாதவிலக்கு என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். “எல்லாமே ஒரே நாள்லதான் வரணுங்களாக்கா உங்களுக்கு?” என்று சிரித்தேன்.

“வர்றது வரட்டும்,” என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. ஜீப் ஹாரன் அடித்தது. மகளின் நினைப்பு வந்தது. நான் போய்விட்டேன்.

காவலாளி பிழைத்தார். கொஞ்ச காலம் கழித்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “எண்ணிப் பாத்துட்டேன் சிஸ்டர், சரியா இருக்கு” என்று தவமணி அக்காவிடம் சொன்னார். அறக்கட்டளைக்காரர்கள் வந்து பாராட்டினார்கள். கிளிப் பழக்கம் அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஒரு சின்னக் குழந்தையின் தாயாக இது எனக்கு எவ்வளவு உதவுகிறது என்று நான்தான் அவர்களுக்கு விளக்கினேன். நன்றாகவே பேசினேன். தவமணி அக்கா பின்னால் நின்று கை தட்டினார்.

மகளுக்குக் காது குத்தினோம். மருத்துவமனையில் எல்லோரையும் அழைத்திருந்தேன். தவமணி அக்கா மட்டும் வரவில்லை. மறுநாள் ஆட்டோகிளேவ் அறையில் இருவரும் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம்.

“எல்லாரும் வந்தாங்க. நீங்கதான் வரலைங்க. பாப்பாவ மடியில வச்சுக்க நீங்க வேணும்னு நெனச்சிருந்தேன்.”

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. “மடியில வச்சுக்கணுமேன்னுதான் வரல.”

எனக்குப் புரியவில்லை. அவர் இன்னும் இரண்டு துணியை மடித்து அடுக்கினார். பிறகு, ஒரு கட்டிலின் விவரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அந்தக் காட்டெருமைக்காரன் வந்த அன்னிக்கு எனக்கு ரெண்டு மாசம். காலைலயே லேசா ரத்தம் பட்டிருந்துச்சு. படுத்தே இருக்கணும்னு தோணுச்சு, ஆனா லீவு சொன்னா ஷிப்ட்டுக்கு ஆள் இல்ல. சரி, சிவப்பை மாட்டிட்டு ஒரு ஓரமா உக்காந்து இதையே மடிப்போம்னு வந்தேன்.”

அழுதேன் என்று நினைக்கிறேன்.

“அழுவாத. கோழிக்கோட்டு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, தூக்குனதால இல்லையாம். முன்னாடியே போயிருக்கும்னாங்க. நீயும் நர்சுதானே, உனக்குத் தெரியாதா?”

தெரியும். முதல் மாதங்களில் போகும் கருக்களில் பெரும்பாலானவை நாம் என்ன செய்தாலும் போய்விடும் என்று நான் எத்தனை பெண்களுக்குச் சொல்லித் தேற்றியிருக்கிறேன். அதே வார்த்தையை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. தூக்கியதால் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். போய்க்கொண்டிருக்கும்போது அவர் மழையில் ஒரு மரத்தின் மேல் நின்றார். நான் உலர்ந்த அறையில் மாத்திரை அடுக்கினேன். பிறகு அவருக்கு ஒரு பேட் கொடுத்துவிட்டுச் சிரித்தேன்.

“எதுக்குங்கக்கா அன்னிக்கு எனக்குக் குடுத்தீங்க?”

“உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு.”

“நான் கேட்டிருக்கணுமுங்க.”

“கேக்கக் கூடாதுன்னு ரூல். நீ கேக்கல. சரியாத்தான் நடந்துக்கிட்ட.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

அப்போதுதான் அவர் கை நின்றது. “தெரியல,” என்றார்.

அதன் பிறகு நான் சிவப்பைத் தொடவே இல்லை. காய்ச்சலோடு வந்தாலும் பச்சைதான். எல்லா எஸ்கார்ட்டுக்கும் முன்னால் போய் நின்றேன். அதை நல்ல மாற்றம் என்று நானே நினைத்தேன். ஒரு நாள் லீலாம்மா சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “எந்தா மோளே, தண்டனை அனுபவிக்கறியா? நீ எப்பவும் பச்சை மாட்டினா மத்தவளுக்குச் சிவப்பை எடுக்க வெட்கமாகும். அந்தக் கிளிப் ஒரு மாசமா அங்கேயே கிடக்குது, பாத்தியோ?” எனக்கு அது உறைத்தது. சிவப்பை எடுத்தாலும் ஒருவருக்குப் பாரம், எடுக்காவிட்டாலும் பாரம் என்றால் நான் எப்படித்தான் இருப்பது? சில மாதங்களில் வேலையை விட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. தாய் சொல்லும் அந்தக் காரணத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. என் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை தவமணி அக்காதான் இரண்டு ஆள் வேலையையும் பார்த்தார் என்று பின்னர் ஆயா சொன்னார். வெட்கப்பட்டு ஓடினேன். நான் ஓடியதன் பாரமும் அவர் தலையில்தான் விழுந்தது.

குன்னூர்த் தோழிகளே, நீங்கள் கிளிப் பழக்கத்தைத் தொடங்குங்கள். அது நல்ல பழக்கம். காரணம் கேட்கக் கூடாது என்ற சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்வதா என்பதை மட்டும் உங்களுக்குள் உட்கார்ந்து பேசுங்கள். கேட்டால் சிலர் சொல்ல முடியாமல் தவிப்பார்கள். கேட்காவிட்டால், என்னைப் போன்றவர்களுக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க அதுவே வசதியாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும். எனக்குத்தான் அகப்படவில்லை.

லீலாம்மா சிஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். இப்போது பொறுப்பில் இருப்பவர் தவமணி அக்கா. அவருக்கு இன்னும் குழந்தை இல்லை. சென்ற மாதம் அவரே போன் செய்தார்.

“வேகன்சி ஒண்ணு இருக்கு. பகல் ஷிப்ட்டு. உம் மவ ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள ஜீப்பு உன்னை எறக்கி விட்டுரும்.”

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தேன்.

“இந்தா பாரு. வேலை பாக்க வர்றதா இருந்தா வா. எனக்குப் பரிகாரம் பண்ண வர்றதா இருந்தா வராத. அதுக்கு இங்க போஸ்ட் இல்ல.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். என் கணவரிடம் தினமும் இதையே பேசி அவர் பொறுமையையும் கரைத்துவிட்டேன். “போறேன்னு சொல்லு, இல்ல போகலைன்னு சொல்லு. உன்ற மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பாப்பா கூட ஒழுங்காச் சோறு திங்க மாட்டேங்குது” என்கிறார். வேலை என் கைக்கு மறக்கவில்லை. அங்கே ஆள் இல்லை என்பதும் தெரியும். ஆனால் அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் என் முகம் மாறும். அந்த முகத்தைத் தேற்றும் வேலையும் அவருக்கே சேரும். போகாமல் இருந்தால், அதை அவருக்காகச் செய்கிறேனா, எனக்காகவா என்றும் தெரியவில்லை. வேலையையும் பரிகாரத்தையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

மழை தொடங்கும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதைப் படிப்பவர்களில் பலர் என்னைவிட நெடுங்காலம் வார்டில் நின்றவர்கள். ஒரு ஷிப்டில் இரண்டே பேராக வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள். உடன் வேலை செய்தவரிடம் இப்படி ஏதாவது வாங்கிக்கொண்டவர்களும், கொடுத்தவர்களும் உங்களில் இருக்கலாம். கொடுத்தவர்களிடமிருந்து ஒரு வரி வந்தால் எனக்கு இன்னும் உதவியாக இருக்கும். நான் போகலாமா? போனால், முதல் நாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்து நான் என்ன கேட்க வேண்டும்?